சந்தேகச் சக்கரவர்த்தி

இங்கிலாந்தில் பழைய ராணுவச் சாமான்களுக்கு எங்கே சந்தை கூடினாலும் அவர் அங்கே இருப்பார். கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி, சட்டைப் பையில் பேனா டார்ச், முகத்தில் நிரந்தரமான ஓர் அதிருப்தி. கடைக்காரர்கள் அவரைக் கண்டதும் வாயால் "வாங்க ஐயா" என்பார்கள். மனசு என்ன சொல்லும் என்பதை அச்சில் போட முடியாது.

அவருக்குத் தெரிந்த துறை ஒன்றே ஒன்று: இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்னைப்பர் துப்பாக்கிகளின் ஸ்கோப். அதிலும் பிரிட்டிஷ் ராணுவத்தின் நம்பர் 32 என்றால் உயிர். பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக உருவாகி, கடைசியில் லீ என்ஃபீல்டு நம்பர் 4 ரைபிளின் முதுகில் ஏறி உட்கார்ந்த, 3 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் அது. சீமான்களுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்துகொடுத்த ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி, போர்க்காலத்தில் 20,000க்கும் மேற்பட்ட ரைபிள்களை இப்படி ஸ்னைப்பர் துப்பாக்கிகளாக மாற்றிக் கொடுத்தது. அசல் ரைபிளும் அதோடு பிறந்த ஸ்கோப்பும் தகரப் பெட்டியும் பிரியாமல் கிடைத்தால் இன்று விலை ஆகாயத்தில். விலை ஏறினால் போலி வரும். போலி வந்தால் நம்மவர் வருவார்.

பொருளைக் கையில் எடுத்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பார். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அரை மணி நேரம் போய்விடும். அடுத்தது பொருத்தம். நம் ஊர் ஜோசியர் பத்துப் பொருத்தம் பார்ப்பதைப் போல இவர் எண் பொருத்தம் பார்ப்பார். ஸ்கோப்பின் எண் துப்பாக்கிக் கட்டையின் கழுத்தில் குத்தியிருக்க வேண்டும். துப்பாக்கியின் எண் ஸ்கோப்பைத் தாங்கும் பிராக்கெட்டில் இருக்க வேண்டும். கட்டைக்கு அடியில் எஸ்51 என்ற ஹாலண்ட் கம்பெனிக் குறி, ஸ்கோப் குழாயின் மேல் அரசாங்கத்தின் அம்பு முத்திரை, இவையும் வேண்டும். பொருந்தவில்லையா? "ஜோடி மாறிப்போச்சு" என்று உதட்டைப் பிதுக்குவார். பொருந்திவிட்டதா? அப்போதுதான் ஆபத்து. "எப்படி இவ்வளவு நல்லாப் பொருந்துது? ராணுவப் பட்டறையில ஸ்கோப்பை மாத்தாம விட்டவன் யாரு? பழைய எண்ணை அடிச்சுட்டுப் புது எண் குத்துறதுதானே அவன் பொழப்பே?"

பிறகு பூதக்கண்ணாடி பிராக்கெட்டின் எண் மேல் இறங்கும். கையால் அச்சு வைத்துச் சுத்தியலால் அடித்த எண் என்றால் ஓரத்தில் இரும்பு மயிரிழை பிதுங்கியிருக்கும். 3 ஆழமாக இறங்கியிருக்கும், பக்கத்து 7 சற்றே சாய்ந்திருக்கும். அடித்தவனுக்குச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது என்பதுவரை அவர் சொல்லிவிடுவார். திருகின் காடி சிதைந்திருந்தால், "எவனோ கைவச்சிருக்கான்." சிதையாமல் இருந்தால், "இது நேத்து வந்த திருகு."

இத்தனையும் பார்ப்பவர் ஸ்கோப்பின் வழியாக மட்டும் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பதற்காகச் செய்த சாமான் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. ஒருமுறை ஒரு இளைஞன் ஸ்கோப்பைக் கண்ணில் வைத்து, "கூர் முள்ளும் குறுக்குக் கம்பியும் பளிச்சுன்னு தெரியுதே ஐயா!" என்று குதூகலித்தான்.

"பளிச்சுன்னா தெரியுது?" நம்மவர் முகம் இருண்டது. "அந்தக் காலத்துல லென்ஸை கனடா பால்சம்னு ஒரு மரப்பிசின் வச்சு ஒட்டுவாங்க. எண்பது வருஷத்துல அது பழுப்பேறி, ஓரம் விட்டு, பாதி மூடுபனியாகியிருக்கணும். தெளிவாத் தெரிஞ்சா உள்ளே யாரோ புகுந்திருக்காங்கன்னு அர்த்தம்."

"எங்க தாத்தாவோடதுங்க. அவர் ஸ்னைப்பர்."

"இந்தச் சந்தைக்கு வர்ற எல்லாருக்கும் தாத்தா ஸ்னைப்பர்தான் தம்பி. அப்போ பட்டாளத்துக்கு உருளைக்கிழங்கு உரிச்சது யாரு?"

பையன் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டான். சுற்றியிருந்த கூட்டம் போகவில்லை. அவரும் விடவில்லை. அசல் எழுத்தின் அகலம் எவ்வளவு, கறுப்புப் பூச்சு எந்த மூலையில் முதலில் தேயும், தகரப் பெட்டியின் தோல்வார் எந்தத் துளையில் வெடிக்கும் என்று ஒன்றையும் பாக்கி வைக்காமல் பாடம் நடத்தினார். பின்வரிசையில் இரண்டு பேர் வெகு சிரத்தையாகக் குறிப்பெடுத்தார்கள். ஞானத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று அவருக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது.

அடுத்த வருஷச் சந்தையில் ஒரு ஸ்கோப் வந்தது. எழுத்து சரியான அகலம். பூச்சு சொன்ன மூலையில் தேய்ந்திருந்தது. தோல்வார் சொன்ன துளையில் வெடித்திருந்தது. 7 சற்றே சாய்ந்திருந்தது. உள்ளே மூடுபனிகூட அளவாக இறங்கியிருந்தது. நம்மவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், இரண்டு தரம் முகர்ந்தார், நெடுநேரம் யோசித்தார். கடைசியில் தீர்ப்புச் சொன்னார்:

"இதுல ஒரு தப்புமே இல்லை. அதுதான் தப்பு."