ரெண்டாயிரம் வருமா மாமா?

சென்னையிலேருந்து வந்த மாப்ளே, உக்காரு. திண்ணையெல்லாம் புழுதி, துண்டை விரிச்சுக்கோ. "மாமா, செத்துப்போன அப்பா நிலம் இப்ப என் பேர்லதானே, பி.எம். கிசான் பணம் எனக்கும் வருமா"ன்னு நீ கேட்டதுலேயே எனக்குப் பாதி சந்தோஷம். ஊருக்கு வர்ற வழி இன்னும் மறக்கல பாரு!

சொல்றேன் கேளு. வருசத்துக்கு 6,000 ரூபா. நாலு மாசத்துக்கு ஒருக்கா ரெண்டாயிரம். 2019ல ஆரம்பிச்சப்ப அஞ்சு ஏக்கருக்குள்ள வச்சிருக்கறவனுக்குத்தான்னாங்க. தேர்தல் முடிஞ்ச கையோட அந்த வரம்பையும் எடுத்துட்டாங்க. அரை ஏக்கர்காரனுக்கும் அதே ஆறாயிரம், அம்பது ஏக்கர்காரனுக்கும் அதே ஆறாயிரம். சமத்துவம்னா இதுல்ல!

ஒரு தவணையில என்ன வாங்கலாம்னு கேக்கறியா? டி.ஏ.பி. ஒரு மூட்டை 1,350. யூரியா 266 ரூபா 50 காசு, ரெண்டு மூட்டை. போக மிச்சம் 117 ரூபா. அதுல வண்டி வாடகையும் குடுத்து, டீயும் குடிச்சு, பணக்காரனா வீடு வந்து சேரலாம்.

இதுக்கு நீ ஏர் புடிக்க வேண்டியதில்ல, சிட்டாவுல பேர் இருந்தாப் போதும். உன் நிலத்துல சேத்துல நிக்கறாரே குத்தகைக்காரர், மழை அடிச்சாலும் பூச்சி அடிச்சாலும் நட்டம் அவருக்கு. தவணைப் பணம் மட்டும் வராது. அவர் பேர்ல பட்டா இல்லியே! பயிர் வச்சவர் அவர், விவசாயி நீ.

நீதான் அந்த ஆளுன்னு காட்ட இ-சேவை மையத்துக்குப் போனா, கைரேகை வேற வைக்கணும். போன தடவை அங்க நான் கட்டைவிரலை வைக்கறேன், மெஷின் 'இல்ல'ங்குது. வேட்டியில தொடச்சு வச்சேன், இல்ல. அந்தப் பொண்ணு ஈரத்துணி குடுத்துச்சு, அதுக்கும் இல்ல. மம்பட்டி புடிச்சுப் புடிச்சு ரேகை தேஞ்சு போச்சாம். "விவசாயம் பாத்த கைதாம்மா"ன்னேன். "அதாந் தாத்தா பிரச்சினை"ன்னுச்சு. உனக்கென்ன, கம்ப்யூட்டர் தட்டற கை, வச்ச உடனே பச்சை எரியும்.

ஆனா ஒண்ணு. 2020ல, கொரோனா நேரத்துல, நம்ம மாநிலத்துல அஞ்சு லட்சத்துக்கு மேல தகுதியில்லாத ஆளுங்க உள்ள பூந்துட்டாங்க. 110 கோடி போச்சு. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்ப் பக்கமெல்லாம் ஒரு செண்டு நிலம் இல்லாதவனும் ராத்திரியோட ராத்திரியா விவசாயி ஆனான். அப்புறம் சி.பி.சி.ஐ.டி. வந்துச்சு. வாங்குன பணத்தத் திருப்பிக் கட்டச் சொன்னாங்க.

இப்ப உண்மையச் சொல்லு, கம்பெனியில உனக்கு வருமான வரி புடிக்கறாங்களா? புடிக்கறாங்கல்ல? அப்ப உனக்குக் கிடையாது. வரி கட்டறவனுக்கு இல்லேன்னு விதியிலேயே போட்டிருக்கு. இத மொதல்லயே சொல்லியிருப்பேன், அப்புறம் நீ இவ்வளவு நேரம் என்கூட உக்காந்திருப்பியா?

மூஞ்சியத் தொங்கப் போடாதே. மானியத்துல உனக்கும் ஒரு பங்கு இருக்கு: வாங்கற எடத்துல இல்ல, குடுக்கற எடத்துல. அரசாங்கம் அந்தக் குத்தகைக்காரருக்குக் குடுக்காத ஆறாயிரத்த இந்த வருசக் குத்தகையில நீ தள்ளிக் குடு. சிட்டா வேணாம், ஆதார் வேணாம், கைரேகையும் வேணாம். என்ன மாப்ளே, அதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சா?