நட்சத்திரமும் பித்தப்பையும்

கேள்வி: ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் நிற்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி, பல ஒளியாண்டு தள்ளியிருக்கும் நட்சத்திரத்தையே பிடிக்கிறது. வயிற்றுக்குள் இருக்கும் பித்தப்பைப் புற்றை ஒரு சொட்டு ரத்தத்தில் பிடிக்க முடியாதா?
(ஒரு வாசகர், ஜமுனாமரத்தூர்)

பதில்: நட்சத்திரம் ஆள்மாறாட்டம் செய்வதில்லையே! ரத்தத்தில் தேடப்படும் சிஏ 19-9, சிஇஏ ஆகிய குறிப்பான்கள் செய்யும். புற்றில் ஏறும் சிஏ 19-9, பித்தநாளத்தில் கல் அடைத்துக் காமாலை வந்தாலும் ஏறும். அடைப்பை நீக்கினால் இறங்கும். சிலருக்கு 'லூயிஸ்' ரத்தக்கூறு பிறவியிலேயே இருக்காது. அவர்களுக்குப் புற்றே வந்தாலும் இது ஏறாது.

"இன்னும் கூர்மையான குறிப்பானைக் கண்டுபிடித்தால் போயிற்று" என்பீர்கள். தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் கணக்கு இடிக்கிறது. இந்தியாவில் இந்தப் புற்று கங்கைச் சமவெளியில் அதிகம், தமிழகத்தில் குறைவு. ஒரு பேச்சுக்கு, பித்தப்பைக் கல் உள்ள 10,000 பேரில் 10 பேருக்குப் புற்று என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஐந்து பேரிடம் மட்டும் பொய் சொல்லும் சோதனைகூட, ஏறக்குறைய 500 பேரை வீணாகப் பதற வைக்கும். அப்படியானால் சோதனையே வேண்டாமா? வேண்டும்: ஸ்கேனில் சந்தேகம் வந்தபின் துணைச் சாட்சியாக, சிகிச்சைக்குப் பின் காவலாக. தீர்ப்பு சொல்வது திசுப் பரிசோதனைதான். எனவே, வலது விலாவுக்குக் கீழே வலி விடாமல் இருந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, லேப் சீட்டோடு நின்றுவிடாமல் டாக்டரைப் பார்த்து வயிற்று ஸ்கேன் எடுங்கள்.