அரை மதிப்பெண் இயல்: ஆத்தங்குடிக் கல்லை முன்வைத்து ஓர் ஆய்வு

பிளஸ் டூ வேதியியல் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். அதில் தெரியாமல் போவது ஒரு வகை, தெரிந்தே போவது இன்னொரு வகை. முன்னதைப் பற்றி எல்லா வீட்டிலும் பேசித் தீர்த்தாயிற்று. இவ்வாய்வு பின்னதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதாவது சமன்பாட்டைச் சமன் செய்யாமை, அலகை விடுதல், அம்புக்குத் தலை போட மறத்தல், காலடியில் உட்கார வேண்டிய எண்ணைத் தலைமேல் ஏற்றுதல். தலைக்கு அரை போகும். அரை சிறிதன்றோ எனின், அன்று. இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று. ஒன்று போனால் வீட்டில் நடப்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆய்வுக் களம் காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடி. இவ்வூரைத் தெரிந்தது என்னை எனின், இங்கே வேதியியலை மிதித்துக்கொண்டே நடக்கிறார்கள் என்க. இவ்வூர்த் தரைக்கல்லுக்குக் கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் கலந்த சிமெண்ட் குழம்பைப் பூவுக்கொன்றும் இலைக்கொன்றுமாக ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மணலும் சிமெண்டும் மேலே போட்டு நிரவி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். கண்ணாடியை விட்டுப் பிரியும்போது அதன் பளபளப்பைக் கல் வாங்கிக்கொண்டு வந்துவிடும். சிவப்புக்கு இரும்பு ஆக்சைடு: இரும்பு இரண்டு, ஆக்சிஜன் மூன்று. அந்த எண்கள் மூன்றும் நான்கும் ஆனால் நிறம் கறுப்பு. விடைத்தாளில் அரை மதிப்பெண் பிழை, இங்கே ஒரு வளவையே கறுக்கடித்துவிடும். ஆகவே நியாயம் திருத்துபவர் பக்கமே என்பது பெற்றாம்.

பெற்றாம் என்று எழுதி மை காயுமுன் ஒரு தடை. இந்த எழுத்துக் குறியீடுகளை 1813-14இல் வகுத்த சுவீடன்காரர் பெர்சீலியஸ், எண்ணைத் தலைமேல்தான் வைத்தார். கீழே இறக்கியவர்கள் பின்வந்தோர். ஆக, நூல் செய்தவரே வந்து தேர்வெழுதினாலும் வாய்பாட்டுக்கு அரை வீதம் இழப்பார். அவர் எழுத்துகளைக் கடைசிவரை சகிக்காமல் வட்டம் வட்டமாக வரைந்துகொண்டிருந்த டால்டனுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லவே மனம் வரவில்லை.

இதனினும் பெரிய தடை தொட்டிக்குள் ஊறிக்கொண்டிருக்கிறது. சிமெண்ட் வேதியியலாருக்கென்று தனிச் சுருக்கெழுத்து உண்டு. அவர்களுக்கு 'சி' கார்பன் அன்று, கால்சியம் ஆக்சைடு, 'எஸ்' கந்தகம் அன்று, சிலிக்கா, 'எச்' தண்ணீர். சிமெண்டின் முதன்மைச் சரக்குக்கு சி-மூன்று-எஸ் என்று பெயர். அது தண்ணீரோடு சேர்ந்து தருவது சி-எஸ்-எச் என்னும் பிடிப்பும், கூடவே சி-எச்சும். அந்த சி-எச், நம் பிள்ளைகள் அடைப்புக்குறி விட்டு அரை இழக்கும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். அடைப்பு இல்லை, அடியில் எண் இல்லை. கல் மட்டும் இறுகிவிடுகிறது.

எனவே பிழையை இரண்டாகப் பகுக்கலாம்: பொருளை மாற்றுவது, மரபை மீறுவது. 'சி'க்குப் பக்கத்தில் 'ஓ' சின்னதாயின் கோபால்ட் என்னும் உலோகம். பெரிதாயின் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு. இதற்கு அரை போதாது, ஒன்றே குறைக்கலாம். தலையில் ஏறிய எண்ணையோ பெர்சீலியஸ் பெயரால் மன்னிக்கலாம். எந்தப் பிழை எந்த வகை என்று தெரிய, திருத்துபவர்களுக்குத் தனியே ஒரு விடைக்குறிப்பு வேண்டும். அதைத் தயாரிப்பவர் அம்புக்குத் தலை போட மறந்தால் அரை குறைக்க.