மருமவனுக்கு எதுக்கு ஏணிப் பாடம்?

வாரும் மருமவனே! பெயிண்டர்னா நீருதான் பெயிண்டர். ஏணியைச் சொவத்தோட ஒட்டிச் செங்குத்தா நட்டு, உச்சிப்படியில நின்னு, ஒரு கையில டப்பா, மறு கையில பிரஷ், காதுக்கும் தோளுக்கும் நடுவுல செல்போன். ஏணியைப் பிடிக்க மிச்சம் இருக்குறது பல்லு மட்டுந்தான்.

பொண்ணு குடுத்த பாவத்துக்குச் சொல்லுதேன். ஏணி நாலடி ஒசரத்துல சாஞ்சா, அடிக்காலு சொவத்தை விட்டு ஒரு அடி தள்ளி இருக்கணும். பன்னெண்டு அடிக்கு மூணு அடி. ரொம்பக் கிட்ட வச்சா மல்லாக்க விழலாம். ரொம்பத் தள்ளி வச்சா ஏணியோட வழுக்கிட்டு வரலாம். எது தோதுன்னு நீரே பாத்துக்கிடும். மேல மூணு படி கைக்கு, காலுக்கு இல்ல. மொட்டைமாடிக்கு ஏறுறதுன்னா ஏணி விளிம்புக்கு மேல மூணடி நிக்கணும். இல்லன்னா எறங்குறப்ப காலுதான் படியத் தேடும். படி வந்து காலத் தேடாது.

எட்டாத மூலைக்குப் பல்லி மாதிரி ஒடம்பை நீட்டுதீரே, அது என்னா வித்தை! பல்லி விழுந்தா பலன் பாப்பாங்க. நீரு விழுந்தா எக்ஸ்ரே பாப்பாங்க. வயிறு ரெண்டு ஏணிக்காலுக்கும் நடுவுலயே இருக்கணும்வே.

மூணாவது மாடிச் சாரம்னா சாமியைக் கும்பிட்டுட்டு ஏறுதீரு. எட்டடி ஏணின்னா எளக்காரம். தலை கீழ வந்தா எட்டடியே தாராளம். அலுமினிய ஏணி லேசா இருக்குன்னு கரண்டு கம்பிப் பக்கம் தூக்கிட்டு அலையும்; இடுப்பு முறியுங்கிற கவலையே வராது, அதுக்கு முன்னாலயே சோலி முடிஞ்சிரும்.

ஒம்ம மேஸ்திரியும் கெட்டிக்காரரு. ஏணி பிடிக்க ஆளு வைக்காம ஒரு கூலியை மிச்சம் பண்ணிட்டாரு. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்க அது ஆவும்.

வேலையில அடிபட்டா மொதலாளி நஷ்டஈடு குடுக்கணும்னு 1923-லயே சட்டம் வந்தாச்சு. ஆனா 'கட்டிங்' போட்டுட்டு ஏறி, அந்த மப்புல விழுந்து காலு முறிஞ்சா, சட்டமே கைய விரிச்சிரும். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-ல இருந்து இருக்கு. அதுல பேரைப் பதிஞ்சு, அட்டையைப் புதுப்பிச்சு வையும்.

இதெல்லாம் ஒமக்காகச் சொல்லலவே. நீரு படுத்தா கஞ்சி ஊத்தப் போறது எம்மவளும் நானுந்தான். எனக்கு அதுக்கு வசதி இல்ல. எறங்கி, ஏணியை நகத்தி வச்சிட்டு ஏறும்.