காணாத் திரையின் பிரகாச நிர்ணயம் குறித்த விசாரணை

மடிக்கணினியின் திரை வெளிச்சத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கண்ணுள்ளவர்களின் காரியம் என்றும், பார்வையற்றவர்களுக்கு அவ்விஷயத்தில் யாதொரு சம்பந்தமும் இல்லையென்றும் ஓர் அபிப்பிராயம் பொதுஜனங்களிடையே வேரூன்றியிருக்கிறது. அது பிழையென்று ஸ்தாபிப்பதே இவ்விசாரணையின் நோக்கம். இதை எழுதும் நாம் பிறந்தது முதல் பார்வை இல்லாதவராதலால், பட்சபாதம் என்னும் தோஷம் இதில் நுழைய வழியே கிடையாது. திரை ஜொலித்தாலும் மங்கினாலும் நமக்கு நேரும் லாபநஷ்டம் பாட்டரியில் உண்டேயன்றிக் கண்ணில் இல்லை.

முதற்கண் இவ்விசாரணைக்கு உரியவராகிய அதிகாரி யார் என்பதை வரையறுக்க வேண்டும். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பார்வை அறவே இல்லாதவரை மட்டுமின்றி, கண்ணாடி முதலிய உபகரணங்களால் திருத்திய பின்னும் இரண்டில் நல்ல கண்ணின் கூர்மை 3/60க்குக் குறைந்தவரையும், பார்வைப் பரப்பு 10 பாகைக்குக் குறுகியவரையும் பார்வையற்றோர் என்றே கொள்கிறது. ஆகவே நம் ஜாதியாரிலேயே வெளிச்சம் தெரிகிறவர்கள் பலர் உண்டு. திரையின் கூச்சம் தாங்காமல் அதைத் தணிக்கிறவர்களும், எழுத்தின் நிழலாவது தட்டுப்படட்டும் என்று உச்சத்தில் ஏற்றி மூக்கு உரசப் படிக்கிறவர்களும் அவர்களுள் அடங்குவர். பிரத்தியட்ச ஞானம் கைவசம் உள்ளவர்களுக்கு ஆராய்ச்சி தேவையில்லையாதலால், அவர்களை வணக்கத்துடன் விலக்கி வைத்து மேலே செல்கிறோம்.

சைவ சித்தாந்திகள் காண்டல், கருதல், உரை என்று, அறியும் வழிகளாகிய அளவைகளை மூன்றாக அடக்கிக்கொண்டார்கள். இவற்றுள் காண்டல் நமக்கு இல்லை. எஞ்சிய இரண்டைக் கொண்டு ஒரு திரை எரிகிறதா, எரிந்தால் எவ்வளவு எரிகிறது என்று நிச்சயிக்க முடியுமா என்பதே கேள்வி.

கருதல் அளவைக்கு ஒரு பொற்காலம் இருந்தது என்பதை இக்காலத்து இளைஞர்கள் அறியமாட்டார்கள். மலைமேல் புகை கண்டு நெருப்பை ஊகித்தது போலப் பெட்டிக்குள் கிளம்பும் ரீங்காரத்தைக் கேட்டுத் திரையை ஊகித்த காலம் அது. குழல் பொருத்திய பழைய தொலைக்காட்சிப் பெட்டி, படத்தின் வரிகளை விநாடிக்கு 15,625 என்ற கணக்கில் வரைந்துகொண்டிருந்ததால், அதே அதிர்வெண்ணில் ஊசி போன்ற ஒரு கீச்சொலியை இடைவிடாது எழுப்பியது. செவி முதிராத பாலர்கள், ஒலியை முற்றும் குறைத்து வைத்த பெட்டி எரிகிறதென்பதைக் கூடத்துக்கு வெளியிலிருந்தே சொல்லிவிடுவார்கள். பின்னர் வந்த மடிக்கணினிகளில் திரைக்குப் பின்னே மெல்லிய குழல்விளக்கும், அதற்கு உயர் மின்னழுத்தம் ஊட்டும் சிறு கருவியும் இருந்தன. அக்கருவி பழசாகப் பழசாக முனகும். திரையின் விளிம்பில் கை வைத்தால் வெதுவெதுப்பும் தட்டும். எல்இடி விளக்குகள் வந்து இவையனைத்தையும் அழித்தொழித்தன. ஓசையில்லை, உஷ்ணமில்லை, உலகம் முன்னேறிவிட்டதாம்! இப்போது மிஞ்சியிருக்கும் ஒரே அனுமானம் பாட்டரி சீக்கிரம் தீர்வது. அதுவோ குற்றம் நடந்து முடிந்த பிறகு வந்து சேரும் சாட்சி.

இனி உரை. இது மனித உரை, இயந்திர உரை என இருவகைப்படும். மனித உரையின் பலவீனம் அளவின்மை. திரையின் ஒளியைச் சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று அளந்து, அதற்கு நிட் என்று பெயரிட்டு, சாதாரண மடிக்கணினிக்கு 250 முதல் 300 வரை என்று தயாரிப்பாளர்கள் விளம்பரம் செய்கையில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மருமகனைக் கேட்டால், “நல்லாத்தான் இருக்கு மாமா” என்கிறான். எவ்வளவு நன்றாக என்று வற்புறுத்தினால், “பார்க்கிற அளவுக்கு இருக்கு” என்கிறான். பகலில் மங்கலென்ற அதே திரையை இரவில் கண்ணைக் குத்துகிறதென்பான்; திரை மாறவில்லை, அறை மாறிற்று என்பது அவன் வாக்குமூலத்தில் வராது.

இயந்திர உரையாவது, திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் திரைவாசிப்பானின் வாக்கு. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கி, ஜேம்ஸ் டேயும் அவருமாக வளர்த்து இலவசமாக வழங்கிய என்விடிஏ நம் வீட்டில் ஆட்சி செய்கிறது. எழுத்துப் பிழையையும் வங்கிக் கணக்கின் வறுமையையும் ஒளிவுமறைவின்றி எடுத்தோதும் அந்தச் சத்தியசந்தன், வெளிச்ச விசையை அழுத்தினால் மட்டும் வாய் திறப்பதில்லை. காரணம் எளிது: எஃப்என் என்று பொறித்த விசையின் விவகாரங்கள் பெரும்பாலும் விசைப்பலகைக்குள்ளேயே தீர்ந்துபோவதால், திரைவாசிப்பானின் செவிக்கு அவை எட்டுவதில்லை, திரையில் தோன்றி மறையும் சிறு பட்டையும் காண்பவர்க்கென்றே வருவது. போதாக்குறைக்கு, அவ்விசை மேல்வரிசையில் எவ்விடத்தில் இருக்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். அதே வரிசையில்தான் ஒலியை அடியோடு நிறுத்தும் விசையும் குடியிருக்கிறது. வெளிச்சத்தைத் தேடிப் போய்க் கணினியின் வாக்கையே இழந்து நிற்கும் அவலம் நம் கூட்டத்தாரில் அனுபவிக்காதவர் அபூர்வம்.

ஆகையால் விவேகிகள் விசையை நாடுவதில்லை. விண்டோஸ் விசையுடன் எக்ஸ், அதன்பின் பி என்று தட்டினால் திறக்கும் பலகையிலோ, விண்டோஸ் 11இல் அதே விசையுடன் ஏ தட்டினால் வரும் விரைவு அமைப்புகளிலோ வெளிச்சத்தின் நகர்த்தியைப் பிடித்து, அம்புக்குறிகளால் தள்ளிக்கொண்டே போனால், அது சதவிகிதம் சதவிகிதமாக ஒப்புவிக்கும். பூஜ்யம் என்று அது அறிவித்ததும் விளக்கு அணைந்துவிட்டதாக மகிழ்கிறவர்கள் அவசரக்காரர்கள். பெரும்பாலான கணினிகளில் பூஜ்யம் என்பது தயாரிப்பாளர் அனுமதித்த மிகக் குறைந்த வெளிச்சமேயன்றி இருள் அன்று. பக்கத்து இருக்கைக்காரர் சற்றுச் சாய்ந்தால் நம் சம்பளச் சீட்டை அதில் சுகமாக வாசிக்கலாம்.

இக்குறை தீர்க்கவே திரைச்சீலை என்னும் வசதி அமைந்தது. ஆப்பிளின் கருவிகளில் இது முன்பே இருந்தது. என்விடிஏவில் 2020இன் தொடக்கத்தில் வெளியான பதிப்பில் வந்து சேர்ந்தது. என்விடிஏ விசை, கண்ட்ரோல், எஸ்கேப் மூன்றையும் ஒருங்கே அழுத்த, திரை முழுவதும் கறுத்துப்போகும். வேலை மட்டும் நடந்துகொண்டிருக்கும். ஆனால் இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. எல்சிடி திரையில் கறுப்பு என்பது பின்னே எரியும் விளக்கை மறைப்பதுதான். சன்னலுக்குத் துணி கட்டிவிட்டு உள்ளே விளக்கை விடியவிடிய எரியவிடுவதற்கு ஒப்பாக, ரகசியம் காக்கப்படுகிறது, மின்சாரம் காக்கப்படுவதில்லை. ஓஎல்இடி திரையிலோ ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதாகையால், கறுத்தது உண்மையாகவே அணைந்தது. எனவே எல்சிடி உடையவன் சீலையையும் போட்டு வெளிச்சத்தையும் பூஜ்யமாக்கினாலன்றி, மானமும் பாட்டரியும் சேர்ந்து மிஞ்சா.

சீலையால் விளையும் ஆபத்து ஒன்று உண்டு. விசைப்பலகையில் இரண்டு எழுத்து வேலை செய்யாமையால் நாம் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குக் கணினியை எடுத்துச் சென்றபோது, அங்கிருந்த பிள்ளையாண்டான் மூடியைத் திறந்த மாத்திரத்தில், “சார், டிஸ்ப்ளே போயிடுச்சு, பேனலே மாத்தணும்” என்று தீர்ப்பளித்து, விலையும் சொல்லிவிட்டான். மூன்று விசைகளை அழுத்தினோம். திரை உயிர்பெற்றது. அவன் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்போ கேபிள் லூஸா இருக்கும் சார்” என்றான். காண்டலே தலைசிறந்த அளவை என்போர் இவ்விடத்தைச் சிந்திப்பாராக.

ஒளியை ஒலியாக மாற்றிச் செவியால் அளந்துவிட்டால் இத்தனை சங்கடமும் தீருமே எனின், அதுவும் புதிய எண்ணமன்று. செலினியம் வெளிச்சம் பட்டால் மின்சாரத்தை எளிதில் கடத்தும் என்பதை வில்லோபி ஸ்மித் 1873இல் வெளியிட்டார்; அக்குணத்தைக் கொண்டு, பர்மிங்ஹாமிலிருந்த ஃபூர்னியே டால்ப் என்னும் பௌதிக சாஸ்திரி, பார்வையற்றவர் சன்னல் இருக்குமிடத்தைக் காதால் கண்டுகொள்ளும் பொருட்டு 1912இல் ஆப்டோஃபோன் என்னும் கருவியைச் செய்து காட்டினார். இன்று மைக்ரோசாஃப்ட்டின் சீயிங் ஏஐ என்னும் கைப்பேசிச் செயலி, வெளிச்சம் மிகமிக ஸ்வரம் ஏற்றிப் பாடுகிறது. கைப்பேசியைத் திரைக்கு எதிரே பிடித்து, நகர்த்தியை ஏற்றி இறக்கினால் ஆரோகணமும் அவரோகணமும் ஒழுங்காகக் கேட்கின்றன. அறையின் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தால் மட்டும் அதன் சுருதியும் கலந்துவிடுமாதலால், சோதனைக்கு முன் அறையை இருட்டாக்குவது அவசியம்.

இவ்வளவு பாடுபட்டு அணைத்த வெளிச்சத்தை முழுவதுமாகத் திரும்ப ஏற்ற வேண்டிய வேளையும் ஒன்றுண்டு. காணொளிக் கூட்டத்தில், இருட்டறையில் உட்கார்ந்து பேசுகிறவரின் முகத்துக்குத் திரையே விளக்காகிறது. நாம் காண்பதற்கன்று, காணப்படுவதற்கு அது வேண்டியிருக்கிறது. நகர்த்தியை நூறுக்குத் தள்ளியும் மேலதிகாரி திருப்தியடையாமல், “ரூம் லைட்டைப் போட்டுக்கலாமே?” என்று கேட்டபோது, அதில் அடங்கிய சாஸ்திரச் சிக்கலை அவருக்கு விளக்கச் சமயம் வாய்க்கவில்லை. நம் அறையின் விளக்குக்கு வாசலில் ஒன்றும் கட்டிலருகே ஒன்றுமாக டூ-வே சுவிட்ச் இரண்டு உள. அவற்றுள் ஒன்று கீழே சாய்ந்திருப்பதைக் கொண்டு விளக்கு எரிகிறதென்றோ எரியவில்லையென்றோ எந்தத் தார்க்கிகனும் நிச்சயிக்க முடியாது. அவ்விசாரணை இரண்டாம் பாகத்துக்கு உரியது.