அம்பாசிடர் வெடியியல்: தூத்துக்குடிப் பாடம்

பழைய அம்பாசிடர் ஒன்று தூத்துக்குடி கிரேட் காட்டன் ரோட்டில் 'படார்' என்று வெடித்தால், வண்டிக்காரர் பானெட்டைத் திறக்கும் முன்பே மூன்று கட்சிகள் கூடிவிடும். அக்கட்சிகளின் கொள்கைகளைத் தொகுத்து, கொள்ளுவன கொண்டு தள்ளுவன தள்ளுதல் இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுப் பொருள், 1962 முதல் 1975 வரை வந்த மார்க் 2 வகை வண்டி; 1489 சிசி, நான்கு சிலிண்டர். பிறந்தபோது அதில் இருந்தது எஸ்.யூ. கார்பரேட்டர். அது தேய்ந்து போகவே, சோலெக்ஸ் வகையில் ஒன்றை வாங்கிப் பூட்டினார்கள். பூட்டிய மறுநாள் தொடங்கியது வெடி. தீப்பெட்டிக் கோவில்பட்டியைத் தன் மாவட்டத்திலேயே வைத்திருக்கும் மக்கள் சத்தத்துக்கு அஞ்சவில்லை, காரணம்தான் கேட்டார்கள்.

வெடி இருவகைப்படும்: முன்வெடி, பின்வெடி. முன்வெடி கார்பரேட்டர் வாயால் வருவது. கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் தீ மெதுவாக எரியும். அடுத்த உறிஞ்சலுக்கு வால்வு திறக்கும்போதும் அணையாமல் நின்று, வந்த வழியே கலவையைக் கொளுத்தும். பின்வெடி சைலன்சரில் நிகழ்வது. எரியாமல் போன கலவை அங்கே காற்றைக் கண்டு பற்றிக்கொள்ளும். எந்தப் பக்கம் வெடித்தது என்று கேளாமல் மருந்து சொல்வோர் கூட்டத்தில் எப்போதும் பெரும்பான்மை.

முதலாவது உப்புக் கட்சி. "முத்தையாபுரத்துக் காத்து அண்ணாச்சி, எதப் போட்டாலும் அரிச்சிரும்" என்பது இவர்கள் கொள்கை. அது பொருந்தாது என்க. நேற்றும் அதே காற்றுதான் அடித்தது, பழைய கார்பரேட்டர் வெடிக்கவில்லை.

இரண்டாவது பெட்ரோல் கட்சி. பெட்ரோல் பங்க்குகளில் இப்போது எத்தனால் 20 விழுக்காடு கலந்து வருகிறது. பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடைக்கணக்கில் காற்று 14.7 பங்கு வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆகவே பழைய அளவு ஜெட்டில் புது பெட்ரோல் ஓடினால் கலவை மெலியும். இது மெய்யே. ஆனால் அந்தப் பெட்ரோலைத்தான் பழைய கார்பரேட்டரும் குடித்தது.

மூன்றாவது டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர்) கட்சி, மூன்றிலும் கற்றறிந்தது. கார்பரேட்டரைக் கழற்றியவர் கைக்கு இடைஞ்சல் என்று பிளக் வயர்களையும் பிடுங்கியிருப்பார். திருப்பிச் செருகும்போது பிசகியிருப்பார் என்பது இவர்கள் வாதம். இந்த இன்ஜினின் வெடிமுறை 1-3-4-2. டெல்கோவின் ரோட்டர் இடஞ்சுழி. வலஞ்சுழி என்று எண்ணிச் செருகினால் 1, 4 சரியாக அமைந்து, 2, 3 இடம் மாறிவிடும். வண்டி பாதி உயிரில் ஓடும், வழியெல்லாம் வெடிக்கும். வயர்களைப் பார்த்தார்கள். சரியாகவே இருந்தன. கட்சி கலைந்து கண்டென்சர் பற்றிப் பேசத் தொடங்கியது.

இடையில் ஜெட் நம்பர் குறித்த சர்ச்சை ஒன்று எழுந்தது. இதை இக்கரை தவிர வேறெங்கும் முறையாக ஆராய இயலாது. மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த முத்துகளை அளவு பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன: 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்பன அவற்றின் எண்கள். எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். கார்பரேட்டர் ஜெட்டும் பித்தளையே, எண்ணும் உண்டு. ஆனால் சோலெக்ஸில் 115 என்றால் துளை 1.15 மில்லிமீட்டர், எண் ஏற ஏறத் துளை பெருக்கும். இரு மரபும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் வழங்கியிருந்தால் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் என்ன நடந்திருக்கும் என்பது கற்பனைக்குரியது. 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நின்றுபோனதால் அந்தக் குழப்பம் மிச்சம்.

கட்சி எதிலும் சேராத மெக்கானிக் ஒருவர் அதுவரை டீ குடித்துக்கொண்டிருந்தார். "சோக்கப் பாதி இழுத்து வச்சு ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி. வெடி நின்னுட்டுன்னா காத்துக் கூடுதலு." இழுத்தார்கள், நின்றது. அப்படியானால் அளவில்லாத காற்று எங்கிருந்தோ வருகிறது. பேக்கிங்கைச் சுற்றித் தடவினார், கசிவில்லை. பிறகு கார்பரேட்டரின் அடிப்பக்கம், இன்ஜினை ஒட்டி, எட்டிப் பார்த்தாலும் தெரியாத இடத்தில் கட்டைவிரலை வைத்தார். 'உஸ்' என்ற சத்தம் அடங்கி, ஸ்லோ சீரானது. விரலை எடுத்தபோது அதில் வட்டமாக ஒரு தடம் பதிந்திருந்தது. பழையதில் இல்லாத வேக்குவம் முனை ஒன்று இதில் கூடுதலாக இருந்திருக்கிறது. தூசிக்காகச் செருகிய பிளாஸ்டிக் மூடி சூட்டில் இளகி எங்கோ விழுந்துவிட்டது. சின்ன ரப்பர் மூடி ஒன்றைச் செருகியதும் முன்வெடி தீர்ந்தது.

வண்டியின் டிரைவருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. எஸ்.யூ.வில் பிஸ்டன் சட்டென்று எழாதபடி மேலே எண்ணெய் ஊற்றுவது வழக்கம். அது வற்றினால் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது கலவை மெலிந்து வண்டி இருமும். சோலெக்ஸில் அந்த வேலையை ஒரு சிறு பம்பு பார்த்துக்கொள்கிறது. அவரோ எண்ணெய்க் குப்பியோடு வந்து ஊற்ற இடம் தேடிக் கார்பரேட்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

பின்வெடி நின்றபாடில்லை. பாலத்திலிருந்து இறங்கும்போது காலை எடுத்தால் 'டப் டப்'. கீழே குனிந்து பார்த்தால் சைலன்சர் பைப்பில் துருவேறிய ஓட்டை. காற்று அதன் வழியே உள்ளே போகிறது. உப்புக் கட்சி உடனே கூடித் தன் வெற்றியை அறிவித்தது. வெல்டிங் பட்டறைக்காரர் சுத்தியலால் ஓட்டையைச் சுற்றித் தட்டினார். தட்டிய இடமெல்லாம் உதிர்ந்தது. "பத்த வைக்க இரும்பு வேணும்லா அண்ணாச்சி" என்று சொல்லி முழு பைப்புக்கும் அளவெடுத்தார்.