வழக்குக்கு முன்பே மன்னிப்பு

பந்திக்கு முந்து என்பார்கள். அமெரிக்க அதிபர் ஜெரால்டு ஃபோர்டு மன்னிப்புக்கே முந்திக்கொண்டார். 1974 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வாட்டர்கேட் ஊழலில் சிக்கிப் பதவி விலகிய முன்னாள் அதிபர் நிக்சன் மீது குற்றப்பத்திரிகைகூட இல்லை. முதன்முறை பதவியேற்ற நாள் தொடங்கி விலகிய நாள் வரை செய்த, செய்திருக்கக்கூடிய குற்றங்கள் அத்தனைக்கும் மொத்தமாக ஒரே கையெழுத்து! ஃபோர்டின் செய்திச் செயலாளர் அன்றே ராஜினாமா செய்தார்; பிழைக்கத் தெரியாத மனிதர்.

மன்னிப்பை ஏற்பதே குற்றத்தை ஒப்புக்கொள்வதுதான் என்ற 1915ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் வரிகளைப் பிற்காலத்தில் ஃபோர்டு பர்ஸிலேயே வைத்திருந்தாராம். நீதி அங்கே பத்திரமாகத்தான் இருந்தது. நிக்சன் ஒப்புக்கொண்டதோ ‘தவறுகள்’ மட்டும். அவருக்காக ஊழலை மூடிமறைத்த அவரது சகாக்கள் ஹால்டிமனும் எர்லிக்மனும் மிட்செலும் கம்பி எண்ணினார்கள். ஃபோர்டுக்கு 2001இல் துணிச்சலுக்கான கென்னடி விருது. துணிச்சல்தான், யார் இல்லை என்றது?